எண்ணிக்கை எனும் அமானிதம்

கணக்கெடுப்பவர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். முன்னாளில் அவர் கையில் நீண்ட படிவம் இருந்தது. இன்று கைப்பேசி இருக்கிறது. ஒரு சுற்றில் வந்து, வீட்டின் கூரை எத்தகையது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா என்று கேட்டுச் செல்கிறார். மறு சுற்றில் வந்து பெயர், வயது, கல்வி, தொழில் என்று வரிசையாகக் கேட்கிறார். இவற்றுக்கெல்லாம் தயக்கமின்றி விடை கூறும் நாம், "மதம்?" என்ற கேள்வியில் ஒரு கணம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறோம். "சாதி?" என்ற கேள்வியிலோ அக்கணம் இன்னும் சற்று நீள்கிறது. அந்தத் தயக்கத்தினுள் அடங்கிக் கிடக்கும் அறக் கேள்வியை எடுத்து ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

இதற்கு இப்போது காரணமும் இருக்கிறது. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவதென்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் மத்திய அரசு முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூன் 16இல் வெளியான அறிவிக்கை, பனி படரும் சில பகுதிகள் நீங்கலாக நாடு முழுமைக்கும் 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாக வைத்தது. வெள்ளையர் ஆட்சியில் 1931இல் எடுக்கப்பட்டதே முழுமையாக வெளிவந்த கடைசிச் சாதிக் கணக்கு. விடுதலைக்குப் பின் 1951 முதல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் எண்ணிக்கை மட்டுமே திரட்டப்பட்டது. மற்றையோரின் சாதியை அரசு கேட்கவில்லை. 2011இல் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு என்று தனியே ஒன்று நடந்தபோதிலும் அதன் சாதி விவரம் மக்கள் முன் வைக்கப்படவில்லை. மதம் பற்றிய கேள்வியோ தொடக்கம் முதல் இடையறாது கேட்கப்பட்டு வந்திருக்கிறது.

மனிதரை மனிதராக மட்டுமே காண வேண்டிய ஓர் அரசு, அவர் எந்த மதத்தார், எந்தக் குலத்தார் என்று கேட்பது முறையா? கேட்பதே வேற்றுமைக்கு நீர் வார்ப்பதாகாதா? இக்கேள்வியை நல்லெண்ணத்தோடு எழுப்புவோர் பலர். விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைமுறைத் தலைவர்கள் சாதிக் கணக்கைக் கைவிட்டபோது அவர்கள் உள்ளத்தில் இருந்ததும் இத்தகைய கருத்துத்தான். கேட்காதிருந்தால் காலப்போக்கில் மறந்துபோகும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நாம் இகழ்ந்துவிட முடியாது. அரபியருக்கு அரபியரல்லாதாரைவிட மேன்மையில்லை என்ற அரஃபாத் பேருரையின் கருத்தில் வளர்ந்த நமக்கு, குலத்தைக் கேட்கும் கேள்வி உவப்பாக இருக்கவும் வழியில்லை.

ஆனால் கேட்காமலிருப்பதன் விளைவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்சு நாடு தன் குடிமக்களிடையே இன, மத வேற்றுமை பாராட்டுவதில்லை என்ற கொள்கையின்படி, அவ்விவரங்களைத் திரட்டுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் தடுத்திருக்கிறது. அண்டை நாடான பிரிட்டன் 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து இனப் பின்னணியைக் கேட்டு வருகிறது. மருத்துவமனைகளும் அதைக் குறித்துக்கொள்கின்றன. பேறுகாலத்தில் உயிரிழக்கும் தாய்மார் பற்றி 2018இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வறிக்கை, வெள்ளையின மகளிரைவிடக் கறுப்பின மகளிர் ஐந்து மடங்கு மிகுதியாக இறக்கின்றனர் என்று காட்டிற்று. அந்தத் தாய்மார் முன்பும் இறந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனித் துயரமாக அது புதைந்திருக்கும். எழுதிக் கூட்டிப் பார்த்தபோதுதான், தனித்துயரங்களாகத் தோன்றியவை ஒரே அநீதியின் பல முகங்கள் என்பது புலப்பட்டது. குறித்துக்கொள்ளாத நாட்டில் இத்தகைய வேற்றுமை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. இருக்கிறதென்று மெய்ப்பிக்கவும் முடியாது. அந்த நிலையில் ஆதாயம் அடைபவர் யார்? துன்புறுவோர் அல்லர் என்பது திண்ணம்.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1871இல் வில்லியம் ஹண்டர் எனும் ஆங்கிலேய அதிகாரி 'இந்திய முசல்மான்கள்' என்ற நூலை எழுதினார். முஸ்லிம்கள் அரசிக்கு எதிராகக் கிளர்ந்தெழக் கடமைப்பட்டவர்களா என்று ஆராய்வதே அவருடைய நோக்கம். ஆதலின் அவரை நம் நண்பரென்று கொண்டாட வேண்டியதில்லை. எனினும் அந்நூலில் அவர் தந்த ஒரு பட்டியல் இன்றும் பேசுகிறது. வங்காளத்தில் அரசிதழில் அறிவிக்கப்படும் உயர் பதவிகள் மொத்தம் 2111. அவற்றில் ஐரோப்பியர் 1338, இந்துக்கள் 681, முஸ்லிம்கள் 92. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அந்த மாநிலத்தின் ஆட்சிப் பணியை நடத்திய சமுதாயம் எங்கே வந்து நின்றது என்பதை, ஆயிரம் ஒப்பாரிகள் சொல்லாததை, அந்த நான்கு எண்களும் சொல்லிவிட்டன.

சென்னை மாகாணத்திலோ எண்ணிக்கை புலம்பலோடு நின்றுவிடவில்லை, ஆணையாக மாறிற்று. 1920களில் வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தபோது, அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டு பங்காகப் பிரிக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் உள்ளிட்டோருக்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று என வகுக்கப்பட்டது. அந்தப் பங்கீடு எல்லார்க்கும் நேர்மையானதா என்று வாதிடலாம். தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றே ஒன்றுதானா என்று நாமும் கேட்போம். ஆயினும், அப்படி ஒரு வாதத்தைச் செய்வதற்கே கையில் எண்கள் இருந்தாக வேண்டும்.

இனி நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 2005 மார்ச் மாதம் பிரதமர் மன்மோகன் சிங், டில்லி உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 2006 நவம்பரில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதற்கு முன் இந்நாட்டு முஸ்லிம்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் அங்காடிதோறும் உலவின. அரசு அவர்களுக்குச் சலுகைகளை வாரி வழங்குகிறது என்பது ஒன்று. அவர்கள் பள்ளிக்கூடத்தை வெறுத்து மதரஸாவுக்கே பிள்ளைகளை அனுப்புகிறார்கள், ஆதலால்தான் பின்தங்கினார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மறுப்புரைத்து நம் இதழ்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. அவற்றை நாமே எழுதி நாமே படித்தோம்.

சச்சார் குழு வாதம் செய்யவில்லை. அரசின் கோப்புகளிலும் கணக்கெடுப்பு ஏடுகளிலும் கிடந்ததை எடுத்து அடுக்கியது. 2001 கணக்கின்படி மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு. இந்திய ஆட்சிப் பணியில் அவர்கள் 3 விழுக்காடு. காவல் பணியில் 4. வெளியுறவுப் பணியில் 1.8. பள்ளி வயதுக் குழந்தைகளில் மதரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை, அல்லது மிதித்து விலகிவிட்டார். முஸ்லிம்கள் செறிந்து வாழும் சிற்றூர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கல்விக்கூடமே இல்லை. அத்தகைய பேரூர்களில் நூற்றுக்கு நாற்பதில் மருத்துவ வசதி இல்லை. பள்ளியை வெறுத்த பிள்ளைகள் என்று கூறினோரிடம், வெறுப்பதற்கேனும் அங்கே ஒரு பள்ளி இருந்ததா என்று அந்தப் பக்கங்கள் கேட்டன. பழி உரைத்தோர் அதற்குப் பின்னும் உரைத்தார்கள். ஆனால் அறியாமல் உரைத்தோம் என்று சொல்லும் வாய்ப்பை அவர்கள் இழந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இத்தகைய கணக்கில் தராசுத் தட்டில் ஏற்றப்படுவது யார்? மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணப்படும் சமுதாயம் என்றே தோன்றும். அதன் கல்வி இவ்வளவு, அதன் வறுமை இவ்வளவு என்று எழுதப்படுவதால் அதற்கு நாணமும் உண்டாகும். ஆனால் 2001ஆம் ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, தேசியச் சராசரியைவிடக் கீழே. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால் முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிட மேலே. அதே கலிமா, அதே தொழுகை, அதே நோன்பு. மாறியவை வாழும் இடமும், அங்கே அரசு கட்டிய பள்ளியும், ஊரின் தொழிலும், நகரோடு இருந்த தொடர்புமே. சமயம்தான் காரணமென்றால் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? ஆகவே நிறுக்கப்படுவது பெரும்பாலும் அரசின் செயலே ஆகும். குடிமகன் சொல்லும் விடை, அரசை நிறுக்கும் படிக்கல்லாகிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டு. கடைத்தெரு வணிகருக்கு உரிய அக்கண்டனம், பள்ளியையும் மருத்துவமனையையும் பங்கிட்டுத் தரும் அரசுக்கும் உரியதன்றோ?

இவ்வளவும் கேட்ட பின்னும் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, எண்ணியவன் நாளைக்கு என்ன செய்வான் என்பதற்கு யார் பிணை?" என்று கேட்கலாம். அவரைக் கோழையென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. அவருடைய அச்சத்துக்கும் வரலாறு சான்றளிக்கிறது.

நெதர்லாந்து நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே குடிமக்கள் பதிவேடு மிகச் செம்மையாக இருந்தது. ஒவ்வொருவரின் சமயமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. எவர்க்கும் தீங்கு நினைத்து எழுதியதன்று. 1940இல் ஜெர்மானியப் படை புகுந்தது. நன்மைக்கென எழுதிய ஏடு கொலைகாரர் கையில் விழுந்தது. அந்நாட்டு யூதர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கொல்லப்பட்டனர். இத்துணைப் பெருங்கேட்டுக்கு அப்பதிவேட்டின் செம்மையும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு, எதிர்ப்பியக்கத்தினர் சிலர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்தில் புகுந்து தீயிட்டனர். ஏடுகளில் ஒரு பகுதியே அழிந்தது. அதற்காக அவர்களில் பன்னிருவர் அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓர் எண்ணிக்கை ஏட்டை எரிப்பதற்கென்று மனிதர் உயிர் கொடுத்த செய்தி இது.

மக்களாட்சி நாடுகளில் இது நடவாதென்று இருந்துவிடவும் இயலாது. 1942இல் அமெரிக்கா ஜப்பானிய வமிசத்தினர் 1,20,000 பேரை வீடுகளிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்களே. எந்தப் பகுதியில் எத்தனை பேர் வசிக்கின்றனர் என்ற கணக்கை மக்கள்தொகை அலுவலகமே படைத்துறைக்கு உதவியது. விவரங்களைக் காத்து நின்ற இரகசியச் சட்டமும் போரின் பெயரால் அதே ஆண்டு தளர்த்தப்பட்டது.

நம் நாட்டிலும் அண்மையில் இந்த அச்சம் வீடுதோறும் புகுந்தது. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. உடன் மக்கள்தொகைப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் அறிவிப்பும் வந்தது. அதற்குப் பின் வேறு எந்தக் கணக்குக்காக எவர் வந்தாலும் மக்கள் ஐயுற்றுக் கதவை மூடினர் என்ற செய்திகளைப் படித்தோம். "நீர் யார்?" என்று கேட்பவரும் "நீர் எம்மவர்தாமா?" என்று கேட்பவரும் ஒரே உடையில் வந்தால், எளிய குடும்பத்துப் பெண் எப்படிப் பிரித்தறிவாள்?

பிரித்தறிய ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதன் 15ஆம் பிரிவின்படி, தனி மனிதர் தந்த விவரத்தை எவரும் கேட்டுப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளவும் முடியாது. எண்ணி முடித்தபின் பெயர் மறைந்து எண் மட்டுமே வெளிவர வேண்டும். மக்கள்தொகைப் பதிவேடோ குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 2003இல் வகுத்த விதிகளின்படி அமைவது. அதில் பெயரே முதன்மை. ஒன்று பெயரை மறக்கக் கடமைப்பட்டது. மற்றொன்று பெயரை நினைவிற் கொள்வதற்கென்றே எழுதப்படுவது. இவ்விரண்டையும் கலந்து குழப்பும் எந்த ஆட்சியும், மக்கள் சொல்லும் உண்மை விடையை இழக்கும் தகுதியையே தேடிக்கொள்கிறது.

ஆயினும் அச்சத்தின் பொருட்டுக் கணக்கே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடவாமற் போனதன் விலையை ஏழைகள் தட்டில் காணலாம். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரகத்தில் நூற்றுக்கு 75 பேருக்கும் நகர்ப்புறத்தில் 50 பேருக்கும் வரை மலிவு விலையில் தானியம் தரச் சொல்கிறது. 2011 கணக்கை வைத்து அந்தத் தொகை 81 கோடியே 35 லட்சம் என நிலைநிறுத்தப்பட்டது. மக்கள்தொகை பெருகியது, எண் பெருகவில்லை. இதனால் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் விடுபட்டிருப்பர் என்று பொருளியலறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020இல் மதிப்பிட்டனர். எண்ணினால் இடர் வரக்கூடும். எண்ணாவிட்டால் பசி வந்தேவிட்டது.

இவ்விரு முனைகளுக்கிடையே நின்று வழி காண, நம் முன்னோர் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இஸ்லாத்தைத் தழுவியோரின் பெயர்களை எழுதித் தரச் சொன்னதாகவும், ஆயிரத்து ஐந்நூறு ஆடவர் எழுதப்பட்டதாகவும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அது விரிந்தது. பைத்துல்மாலில் பொருள் குவிந்தபோது, அதை மக்களுக்குப் பங்கிடுவதற்கென்று 'திவான்' எனும் பதிவேடு எழுதப்பட்டது. ஹிஜ்ரி 15 என்றும் 20 என்றும் இதன் ஆண்டை வரலாற்றாசிரியர் குறிப்பர். குறைஷியரின் வமிசங்களை நன்கறிந்த மூவர் அதை எழுத அமர்ந்தனர். கலீஃபாவின் குலத்தை முன்னே வைக்கும் பேச்சு எழுந்தபோது உமர் (ரலி) அதை ஏற்கவில்லை. நாயகத்தின் நெருங்கிய உறவினரிலிருந்து தொடங்கி, உமரை அவர் எங்கே வருவாரோ அங்கே எழுதுமாறு சொன்னார்கள். எண்ணச் சொன்னவரும் அந்த ஏட்டில் தம் வரிசையில் ஒருவராகவே நின்றார்.

அந்த ஏட்டைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியை இப்னு ஸஅத் எழுதி வைத்திருக்கிறார். திவானில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை எழுதப்பட்டிருந்தது. ஒருநாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் புறத்தே வந்து தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவெல்லாம் அதற்குக் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுதது. கலீஃபா தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுதது, மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசியில் மூன்றாம் முறை சென்று கடிந்துகொண்டபோது, தம்மிடம் பேசுபவர் யாரென்று அறியாத அத்தாய், குழந்தையைப் பால் மறக்கச் செய்துகொண்டிருப்பதாகவும், பால் மறந்த பிள்ளைக்கே உமர் தொகை தருவதால் தாம் அவசரப்படுவதாகவும் சொன்னார். குழந்தைக்கோ சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றைய அதிகாலைத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாக விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், எத்தனை குழந்தைகளுக்குத் தாம் கேடு செய்துவிட்டோமோ என்று தம்மையே நொந்து, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை மேடைகளில் கேட்டிருக்கிறோம். கலீஃபாவின் இரக்கத்துக்குச் சான்றாகவே கேட்டிருக்கிறோம். அதில் வேறொரு பாடமும் இருக்கிறது. ஏட்டில் எழுதிய ஒரு நிபந்தனை, எவரும் நினையாத வகையில், ஒரு குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. ஏடு பொய் சொல்லவில்லை, எழுதியவர்கள் திருடவில்லை. ஆனால் ஏட்டின் ஓரத்துக்கு வெளியே அழுகை கேட்டது. அதைக் கேட்பதற்கு ஆட்சியாளர் இரவில் நடந்தார். கேட்டபின் தாயைக் குற்றம் சொல்லவில்லை. தாம் எழுதுவித்த விதியைக் குற்றம் கண்டார். விடியுமுன் விதி மாறியது. கணக்கெடுக்கும் அரசு எதுவும் மனத்திற் கொள்ள வேண்டிய ஒழுக்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. ஒரு குடிமகன் தன் மதத்தையும் குலத்தையும் வறுமையையும் அரசிடம் சொல்லும்போது, தனக்குரிய ஒன்றை அதன் கையில் அமானிதமாக ஒப்படைக்கிறான். அமானிதத்தை இருவகையில் பாழாக்கலாம். பெற்ற பொருளைக் கொண்டு ஒப்படைத்தவனையே தாக்குவது ஒரு துரோகம். அதை ஆம்ஸ்டர்டாமில் கண்டோம். பெற்ற பொருளைப் பூட்டி வைத்து, உரிய காலத்தில் உரியவனுக்குப் பயன்படுத்தாமலிருப்பது மற்றொரு துரோகம். முதலாவதைக் கண்டு உலகம் நடுங்குகிறது. இரண்டாவது ஓசையின்றி நடப்பதால் அதை நாம் துரோகமென்றே எண்ணுவதில்லை. சச்சார் குழு பரிந்துரைத்த சமவாய்ப்பு ஆணையம் இன்னும் அமையவில்லை. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. நோயைக் கண்டறிந்து ஏட்டில் எழுதிய பின்னும் மருந்து தராத மருத்துவரை என்னவென்று சொல்வோம்? நோயறியாத மருத்துவரைவிட அவர் பொறுப்பு மிகுந்தவர்.

இனிச் சாதிக் கேள்விக்கு வருவோம். "இஸ்லாத்தில் சாதி இல்லை, ஆதலின் விடை சொல்லமாட்டோம்" என்று நம்மவர் சிலர் கூறுகின்றனர். மார்க்கத்தில் இல்லை என்பது முற்றிலும் உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையது என்ற பெயர்கள் இருக்கின்றன. 2007இல் பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும் இப்பட்டியலைக் கொண்டே. அந்தச் சான்றிதழை வாங்க வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்கள், கணக்கெடுப்பவரிடம் மட்டும் அப்பெயர் எமக்கில்லை என்பது பொருந்துமா? உமர் (ரலி) அவர்களின் திவானும் குலவாரியாகவே எழுதப்பட்டது. குலப்பெருமையை வேரறுத்த மார்க்கத்தின் கலீஃபா, பங்கிடுவதற்காகக் குலத்தை எழுதத் தயங்கவில்லை. பெருமைக்காகச் சொல்வது வேறு. பங்கு யாருக்கு எட்டவில்லை என்று காண்பதற்காகச் சொல்வது வேறு.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். "நாமெல்லாரும் ஒன்று" என்று சொல்வது, மேலே இருப்பவர்க்கு எளிது. 2023 அக்டோபர் 2இல் வெளியான பீகார் கணக்கெடுப்பு, முஸ்லிம்களை 17.7 விழுக்காடு என்று மொத்தமாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஷேக்குகள் எத்தனை, நெசவு செய்யும் மோமின்கள் எத்தனை என்றும் பிரித்துக் காட்டியது. தோட்டி வேலையும் தோல் வேலையும் செய்து வந்த குலங்களிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்கள் வட நாட்டில் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைத் தாழ்த்தப்பட்டோராக ஏற்பதில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அக்கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அவர்களைப் பார்த்து, "சாதி இல்லை என்று சொல்லுங்கள்" என நாம் அறிவுரை கூறுவோமாயின், மார்க்கத்தின் பெயரால் அவர்கள் பசியை மறைப்பவர்களாவோம். பெருக்கத்தில் போட்டியிடுவதைத் திருமறை கண்டிக்கிறது. எம் கூட்டம் பெரிது என்று மார்தட்டுவதற்குரிய கண்டனம் அது. எளியவன் தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்க அதை எடுத்தாளக் கூடாது.

அரசை நோக்கி நீட்டிய விரலை நம் ஊரின் பக்கமும் சற்றுத் திருப்புவோம். நம் ஜமாஅத்துகளிலும் பதிவேடுகள் உண்டு. பல ஊர்களில் ஆண்மகன் ஒருவனுக்குத் தலைக்கட்டு ஒன்று என்று எழுதுகிறோம், வரி பாக்கி எவ்வளவு என்று எழுதுகிறோம், திருமணத்தை எழுதுகிறோம். கணவனை இழந்து தனியே வாழும் பெண்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகள் எத்தனை பேர், வெளிநாடு சென்று திரும்பி வேலையின்றி இருப்போர் எத்தனை பேர், ஸகாத் பெறத் தகுதி இருந்தும் கேட்க நாணுவோர் எத்தனை பேர் என்று எத்தனை ஊர்களில் ஏடு உண்டு? வாங்குவதற்கு எழுதிய ஏடு நம்மிடம் இருக்கிறது. கொடுப்பதற்கு எழுதும் ஏடு பெரும்பாலும் இல்லை. அரசிடம் நாம் கேட்கும் நீதத்தை ஒரு தெருவளவிலேனும் நாம் செய்து காட்டினால், நம் கேள்விக்கு வலுவேறும்.

ஆதலால் கணக்கெடுப்பவர் வரும்போது கதவைத் திறப்போம். எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்; அது நம் உரிமை. வீட்டிலுள்ள பெண்களையும் கைக்குழந்தையையும் விடாமல் சொல்வோம். மதத்தை அச்சமின்றியும் குலத்தைச் செருக்கின்றியும் சொல்வோம். சொல்லியதோடு கடமை முடிந்ததென்று உள்ளே போய்விடாமல், எண் வெளிவரும் நாளில், அதற்குரிய பள்ளி எங்கே, மருத்துவர் எங்கே என்று கேட்டு நிற்போம். நம் சமுதாயத்துக்கு மட்டுமன்றி, அந்த ஏட்டில் கீழ்வரிசையில் தெரியும் எல்லாச் சமுதாயத்துக்குமாகக் கேட்போம்.

படைப்பினங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருப்பவன் இறைவன் என்பது நம் நம்பிக்கை. அவன் முன்னிலையில் எண்ணப்பட்டவர்கள் மட்டுமல்லர், எண்ணியவர்களும் நிற்பார்கள். தம் கையில் ஒப்படைத்த ஏட்டை என்ன செய்தார்கள் என்று கேட்கப்படுவார்கள். வணிகக் கூட்டத்தின் நடுவே அழுத அக்குழந்தையின் பொருட்டு ஒரு கலீஃபா அன்றைக்கே கலங்கியது, அந்தக் கேள்வியை அவர் முன்கூட்டியே கேட்டுவிட்டதனால்தான். நம்மை ஆள்வோர்க்கும், நம் ஊர்ப் பொறுப்பில் உள்ளோர்க்கும் அத்தகைய செவியை அல்லாஹ் அருள்வானாக.